விசுவாசத்தில் நிலைத்திருப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜெபக்கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பும் நேரத்தில், ஓரமாகக் கூப்பிட்டுக் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. சாட்சி சொல்லும் நேரத்தில் யாரும் இவற்றைச் சொல்வதில்லை. கேட்பவர்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. ஆனாலும் வருகிற ஒவ்வொருவரும் "எனக்கு மட்டும்தான் இப்படி" என்று நினைத்துக்கொண்டுதான் வருகிறார்கள். அந்த நினைப்பே பாதிப் பேரைச் சோர்ந்துபோகச் செய்கிறது, அதனால்தான் எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன். வசனங்களின் இடத்தைக் குறித்திருக்கிறேன், வேதத்தைத் திறந்து நீங்களே வாசித்துப் பாருங்கள்.

இரட்சிக்கப்பட்ட புதுசுல இருந்த சந்தோஷம் இப்ப இல்லை. என் விசுவாசம் போயிடுச்சா?

இல்லை. சந்தோஷம் குறைந்ததை வைத்து விசுவாசத்தை அளக்கக் கூடாது. சங்கீதம் 13 "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கிறது. தேவன் தன்னை மறந்துவிட்டார் என்று நினைத்த தாவீது, அந்த தேவனிடமே போய் அதைக் கேட்கிறான். உள்ளத்தில் ஓர் இனிமையும் இல்லாதபோது அவன் பேசிய பேச்சு அது. அதுவும் வேதத்தில் ஜெபமாகத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

"ஆதி அன்பை விட்டுட்டேன்" என்று வெளிப்படுத்தல் 2-ஐக் காட்டி அழுகிறவர்கள் உண்டு. அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். எபேசு சபையிடம் ஆண்டவர் பழைய உணர்ச்சியைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. மனந்திரும்பி, ஆதியில் செய்த கிரியைகளைச் செய்யச் சொல்கிறார். உணர்ச்சியை நாம் நினைத்தபோது வரவழைக்க முடியாது. ஆனால் முன்பு வியாதியஸ்தர்களைப் பார்க்கப் போனவர் இன்றைக்கும் போகலாம்.

ஜெபிக்க முழங்கால் போட்டாலே தூக்கம் வருது. பிசாசோட வேலையா?

பெரும்பாலும் களைப்பின் வேலை. கெத்செமனேயில் சீஷர்கள் தூங்கினபோது "ஆவி உற்சாகமுள்ளதுதான், மாம்சமோ பலவீனமுள்ளது" என்றார் இயேசு (மத்தேயு 26:41). அவர்களைத் தள்ளிவிடவில்லை. விழித்திருந்து ஜெபம்பண்ணுங்கள் என்று மறுபடியும் சொன்னார்.

இரவு பதினொரு மணிக்கு, நாள் முழுவதும் உழைத்த உடம்போடு ஜெபிக்க உட்கார்ந்தால் தூக்கம் வரத்தான் செய்யும். நேரத்தை மாற்றுங்கள். நடந்துகொண்டு ஜெபியுங்கள், வாய்விட்டு ஜெபியுங்கள், ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்து அதையே ஜெபமாக்குங்கள். ஒரு மணி நேரம் என்று தீர்மானம் எடுத்து மூன்றாம் நாளே விடுவதைவிட, தினமும் பத்து நிமிடம் தவறாமல் இருப்பது எவ்வளவோ மேல்.

ஜனவரியில வேதம் வாசிக்க ஆரம்பிச்சு லேவியராகமத்துல நின்னுட்டேன். திரும்ப முதல்ல இருந்து தொடங்கணுமா?

வேண்டாம். மாற்கு சுவிசேஷத்துக்குப் போங்கள். பதினாறே அதிகாரங்கள். லேவியராகமத்தைப் பிறகு யாராவது ஒருவரோடு சேர்ந்து வாசியுங்கள்.

பாவம் ஒண்ணும் பெருசா பண்ணலை. ஆனா எல்லாமே வறட்சியா, சலிப்பா இருக்கு. ஏன்?

இதைப் பற்றிப் பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன்பே எழுதியிருக்கிறார்கள். எகிப்து பாலைவனத்தில் வாழ்ந்து 399-ல் இறந்த எவாக்ரியஸ் என்ற துறவி, நடுப்பகலில் ஒரு துறவிக்கு வரும் சலிப்பை அப்படியே வரைந்து காட்டுகிறார். சூரியன் நகராததுபோல் இருக்கும், பகல் ஐம்பது மணி நேரம் நீண்டதாகத் தோன்றும். அந்தத் துறவி அடிக்கடி ஜன்னலைப் பார்ப்பார். அறையைவிட்டு வெளியே வந்து, சாப்பாட்டு வேளையான ஒன்பதாம் மணிக்கு (நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணி) இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று பொழுதைப் பார்ப்பார். பிறகு, சகோதரர்களுக்குள் அன்பே இல்லாமல் போய்விட்டது, நமக்கு ஆறுதல் சொல்ல யாருமில்லை என்று எண்ணம் ஓடும். வேறு இடத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று தோன்றும்.

இந்த வரிசையைக் கவனியுங்கள். சலிப்பு முதலில் நேரத்தைத் தொடுகிறது, பிறகு கூட இருப்பவர்களைக் குறைசொல்ல வைக்கிறது, கடைசியில் கிளம்பிப் போகச் சொல்கிறது. "இந்தச் சபையில அன்பே இல்லை" என்று உங்களுக்குத் தோன்றினால், அது உண்மையாகவும் இருக்கலாம், சலிப்பின் இரண்டாம் கட்டமாகவும் இருக்கலாம். முடிவெடுக்கும் முன் சில வாரங்கள் பொறுங்கள். எவாக்ரியஸ் சொன்ன மருந்தும் எளிதானதுதான். இருந்த இடத்தைவிட்டு ஓடாதே, கண்ணீரோடு உன் ஆத்துமாவிடமே பேசு என்கிறார். அதற்கு அவர் கொடுக்கும் வார்த்தை, "என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்" என்ற 42-ஆம் சங்கீதம்.

ஒரே பாவத்துல திரும்பத் திரும்ப விழறேன். எந்த முகத்தோட மறுபடியும் மன்னிப்பு கேக்கறது?

அதே முகத்தோடுதான். ஏழு எழுபதுதரம் மன்னிக்கும்படி பேதுருவிடம் சொன்னவர் (மத்தேயு 18:22), நம்மிடம் கேட்டதைவிடக் குறைவாகத் தாம் மன்னிப்பார் என்று நினைப்பது அவரை அவமதிப்பதாகும்.

நான் அதிகம் பயப்படுவது, விழுந்த பிறகு நடப்பதைக் குறித்துத்தான். ஆதாமும் ஏவாளும் பழத்தைத் தின்ற பிறகு மரங்களுக்குள்ளே ஒளிந்துகொண்டார்கள் (ஆதியாகமம் 3:8). விழுந்தவர் அந்த வாரம் ஆராதனைக்கு வருவதில்லை. "இப்படியிருந்துட்டு எப்படிப் போறது" என்று வெட்கம். அடுத்த வாரம் வெட்கம் கொஞ்சம் கூடியிருக்கும். மூன்று மாதத்தில் வாட்ஸ்அப் குழுவில் இருந்தும் சத்தமில்லாமல் விலகியிருப்பார். பாவம் ஒரு மணி நேரத்தில் செய்ததைவிட, ஒளிந்துகொள்ளுதல் மூன்று மாதத்தில் செய்தது பெரிதாகிவிடுகிறது.

பேதுருவும் யூதாசும் ஒரே இரவில் விழுந்தார்கள். இருவரும் மனம் கசந்தார்கள். யூதாஸ் தனியே போனான். பேதுருவோ மறுதலித்த பிறகும் மற்றச் சீஷர்களோடே இருந்தான். அதனால்தான் மகதலேனா மரியாள் கல்லறைச் செய்தியோடு ஓடிவந்தபோது அவனைக் கண்டுபிடிக்க முடிந்தது (யோவான் 20:2). விழுந்த அன்றைக்கே யாராவது ஒரு விசுவாசியோடு இருங்கள்.

அதற்காகப் பாவத்தை லேசாக எடுத்துக்கொள்ளச் சொல்லவில்லை. எந்த நேரத்தில், எந்தத் தனிமையில், கையில் எது இருக்கும்போது விழுகிறீர்கள் என்று பாருங்கள். சோதனையோடு தப்பிக்கொள்ளும் வழியையும் உண்டாக்குவார் என்கிறது 1 கொரிந்தியர் 10:13. பலருக்கு அந்த வழி, படுக்கையறைக்குப் போனை எடுத்துப் போகாமல் இருப்பதுதான்.

யார்கிட்டயாவது சொல்லுங்கன்னு சொல்றீங்க. சொன்னா சபை முழுக்கப் பரவிடாதா?

பரவும் அபாயம் உண்டு, பயப்படுவது நியாயமே. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு" என்று யாக்கோபு 5:16 சொல்வதை, எல்லாரிடமும் எல்லாவற்றையும் கொட்டச் சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் உங்களிடம் மற்றவர்களின் ரகசியத்தைப் பேசியிருக்கிறாரா என்று யோசியுங்கள். "ஜெபக்குறிப்பு" என்ற பேரில் அடுத்த வீட்டு விஷயத்தைச் சொன்னவர் என்றால், உங்கள் விஷயமும் அப்படியே போகும். ஆண் ஆணிடமும் பெண் பெண்ணிடமும் சொல்வது நல்லது. முதலில் சிறிய காரியம் ஒன்றைச் சொல்லிப் பாருங்கள். அது அவரிடமே தங்கினால் பெரியதைச் சொல்லலாம்.

கேட்கும் இடத்தில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒருவர் நடுங்கிக்கொண்டு சொல்லும்போது உடனே வசனம் எடுக்காதீர்கள். முழுதாகக் கேளுங்கள். கேட்டதைக் கணவனிடமோ மனைவியிடமோகூடச் சொல்லாதீர்கள். ஆனால் ஒரு குழந்தைக்கோ வேறொருவருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் மறைக்கவே கூடாது. அதையும் ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள்.

ஆன்லைன்லயே ஆராதனை பாத்துக்கறேன். வீட்ல இருந்தா கர்த்தர் கேக்க மாட்டாரா?

கேட்பார். படுக்கையில் இருப்பவர்களுக்கும் நகர முடியாதவர்களுக்கும் அது பெரிய கிருபை. நடந்து போகக்கூடியவருக்குச் சொல்கிறேன்: திரைக்கு உங்கள் முகம் வாடியிருப்பது தெரியாது. சபை கூடிவருதலை விடாதிருங்கள் என்ற எபிரெயர் 10:25, ஒருவருக்கொருவர் புத்திசொல்வதையும் அதோடு சேர்த்தே பேசுகிறது.

தோமாவை நினைத்துப் பாருங்கள். இயேசு முதல்முறை வந்தபோது அவன் அங்கே இல்லை. மற்றவர்கள் சொன்னபோதும் நம்பவில்லை. எட்டு நாளைக்குப் பின்பு அவன் அவர்களோடே வீட்டுக்குள் இருந்தான் (யோவான் 20:26). அந்த எட்டு நாளும் நம்பாமலே, நம்புகிறவர்கள் நடுவில் இருந்தான். அவர்களும் அவனை வெளியே அனுப்பவில்லை.

எனக்குச் சந்தேகம் வருது. தேவன் இருக்காரான்னே. இது பாவம்தானே?

சந்தேகம் வருவதும் விசுவாசிக்க மறுப்பதும் ஒன்றல்ல. யோவான் ஸ்நானகன் இயேசுவைச் சுட்டிக்காட்டிச் சாட்சி சொன்னவன். அவனே சிறையில் இருந்துகொண்டு "வருகிறவர் நீர்தானா, அல்லது வேறொருவர் வரக் காத்திருக்க வேண்டுமா" என்று ஆள் அனுப்பிக் கேட்டான் (மத்தேயு 11:3). அந்த ஆட்கள் போன பிறகு இயேசு ஜனங்களிடம் யோவானைப் பற்றிப் பேசியது முழுவதும் புகழ்ச்சி.

சந்தேகத்தையும் மேலே சொன்னபடி ஒளிக்காமல் வையுங்கள். கேள்வி அறிவு சார்ந்ததாக இருந்தால் நன்றாகப் படித்த ஒருவரிடம் போங்கள், "கேள்வி கேக்காதே, விசுவாசி" என்று வாயை மூடுகிறவரிடம் போகாதீர்கள். ஜெபிக்க வார்த்தை வேண்டுமென்றால் மாற்கு 9:24 இருக்கிறது: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." பிள்ளைக்குச் சுகம் கேட்டு வந்த ஒரு தகப்பன் இதைச் சொன்னான். பிள்ளை சுகமானான்.

வேலையில பொய்க்கணக்கு எழுதச் சொல்றாங்க. எழுதலைன்னா வேலை போயிடும். என்ன பண்றது?

எழுதக் கூடாது. அதைச் சொல்வது எளிது, வீட்டுக்கடன் கட்டுகிறவருக்குச் செய்வது கடினம் என்பதும் தெரியும். தானியேல் செய்ததைப் பாருங்கள். பாபிலோன் வைத்த பேரை ஏற்றுக்கொண்டான், அவர்கள் கல்வியைக் கற்றான், அரசாங்க வேலையும் பார்த்தான். ராஜாவின் சாப்பாடு என்ற ஓர் இடத்தில் மட்டும் கோடு போட்டான். அங்கேயும் சண்டை போடவில்லை. அதிகாரியிடம் பணிவாகப் பேசி, பத்துநாள் சோதித்துப் பாருங்கள் என்று மாற்று வழியைத் தானே முன்வைத்தான் (தானியேல் 1:12).

முதலில், எது பாவம், எது உங்களுக்குப் பிடிக்காதது என்று பிரித்துக்கொள்ளுங்கள். பிறகு நேர்மையான மாற்று வழி ஒன்றோடு மேலதிகாரியிடம் போங்கள். சொன்னதை எழுத்தில் வையுங்கள். அப்போதே வேறு வேலையும் தேட ஆரம்பியுங்கள், அது அவிசுவாசமில்லை. வேலை போனால் சபை என்ன செய்யும் என்பதும் கேட்கப்பட வேண்டிய கேள்வி. உண்மையாயிரு என்று பிரசங்கிக்கும் சபை, உண்மையாயிருந்து வருமானம் இழந்தவரின் வீட்டு அடுப்பையும் பார்க்க வேண்டும்.

சுகத்துக்காக அவ்வளவு உபவாசம் இருந்து ஜெபிச்சோம். அம்மா இறந்துட்டாங்க. எங்களுக்கு விசுவாசம் பத்தலைன்னு சொல்றாங்க.

அப்படிச் சொன்னவர்கள் தவறு செய்தார்கள். பவுலுக்கு விசுவாசம் பத்தவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவர் தம் மாம்சத்திலிருந்த முள்ளுக்காக மூன்றுதரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை (2 கொரிந்தியர் 12:8). துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார் (2 தீமோத்தேயு 4:20). தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கொஞ்சம் திராட்சரசம் குடிக்கச் சொன்னார். இவை எல்லாம் அதே வேதத்தில்தான் இருக்கின்றன, பிரசங்கத்தில் மட்டும் அரிதாக வருகின்றன.

ஏன் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பதில் வைத்திருப்பதாகச் சொல்கிறவர்களிடம் கவனமாயிருங்கள். சங்கீதம் 88, ஆறுதலான ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது. இப்போதைக்கு அதுதான் உங்கள் சங்கீதம் என்றால் அதையே பாடுங்கள். துக்கத்தில் இருக்கும்போது துதிக்க வேண்டும் என்று யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த விடாதீர்கள். லாசருவை எழுப்பப் போகிறோம் என்று தெரிந்தே வந்த இயேசு, கல்லறைக்குப் போகும் முன் அழுதார்.

விசுவாசி மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடலாமா?

சாப்பிடலாம். சாகவேண்டும் என்று கேட்டு சூரைச்செடியின்கீழ்ப் படுத்த எலியாவுக்கு தேவதூதன் கொடுத்தது சுட்ட அடையும் தண்ணீரும், பிறகு மறுபடியும் தூக்கமும் (1 இராஜாக்கள் 19). கடிந்துகொள்ளவில்லை. தேவன் அவனோடு பேசியது அதற்குப் பிறகுதான். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் இன்றைக்கே மருத்துவரிடமும், கூட இருக்கக்கூடிய ஒருவரிடமும் சொல்லுங்கள். ஜெபக்கூட்ட நாள் வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

என்னைக் காயப்படுத்தினதே ஊழியக்காரர்தான். இன்னும் அந்தச் சபைக்குப் போகணுமா?

எந்தக் காயம் என்பதைப் பொறுத்தது. கடுஞ்சொல், பாரபட்சம், கவனியாமை என்றால் நேரில் பேசிப் பாருங்கள், மத்தேயு 18:15 காட்டும் வழி அதுதான். பாலியல் வன்முறை, பணமோசடி, மிரட்டல் என்றால் அது குற்றம். காவல்துறைக்குப் போக வேண்டும். "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று சொல்லி உங்களை அடக்குகிறவர்கள், மந்தையைத் தின்ற மேய்ப்பருக்கு விரோதமாகத் தேவன் பேசிய எசேக்கியேல் 34-ஐ வாசிக்கட்டும். அந்தச் சபையை விட்டு விலகுவது கிறிஸ்துவை விட்டு விலகுவதாகாது. ஆனால் தனித்தே நின்றுவிடாதீர்கள். குணமாக நாளாகும், வேறு ஒரு சபையில் கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும் போதும்.

அப்படிப்பட்டவர் கொடுத்த ஞானஸ்நானம் செல்லுமா? திரும்ப எடுக்கணுமா?

இதே கேள்வி நான்காம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்க சபையையே இரண்டாகப் பிளந்தது. உபத்திரவ காலத்தில் வேதச்சுருள்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்தவர்கள் செய்த ஊழியம் செல்லாது என்றார்கள் தொனாத்தியர்கள் என்ற பிரிவினர். ஞானஸ்நானம் கொடுப்பவர் கிறிஸ்து, ஊழியக்காரனின் அழுக்கு அதைக் கெடுக்காது என்று அங்கே பேராயராக இருந்த அகுஸ்தீன் பதில் சொன்னார். பெரும்பான்மைச் சபைகள் இன்றும் அதையே ஏற்கின்றன. உங்களுடையது செல்லும்.

பின்மாறிப் போய் ரொம்ப வருஷம் ஆச்சு. எபிரெயர் 6 வாசிச்சா எனக்கு மன்னிப்பே இல்லைன்னு தோணுது.

கடினமான பகுதிதான், அதை மழுப்ப விரும்பவில்லை. ருசிபார்த்தும் மறுதலித்துப்போனவர்களைத் திரும்பப் புதுப்பிக்கிறது கூடாதகாரியம் என்கிறது. ஆனால் அதை எழுதியவர் அதே அதிகாரம் 9-ஆம் வசனத்தில் வாசகர்களைப் "பிரியமானவர்களே" என்று அழைத்து, இரட்சிப்புக்குரிய காரியங்கள் உங்களிடத்தில் உண்டு என்று நம்புகிறோம் என்கிறார். விழுந்துகொண்டிருக்கிறவர்களை நிறுத்தக் கொடுத்த எச்சரிப்பு அது, திரும்பி வருகிறவரின் முகத்தில் கதவை அடைக்கக் கொடுத்ததல்ல. கிறிஸ்து வேண்டாம் என்று இருதயம் கடினப்பட்டவருக்கு இந்தப் பயம் வருவதில்லை. நீங்கள் பயந்து கேட்கிறீர்கள்.

சபை இதை நடைமுறையிலும் சந்தித்தது. 250-ல் ரோமப் பேரரசன் தேசியு, எல்லாரும் தேவர்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று கட்டளையிட்டான். அந்தச் சான்றிதழ்களில் சில எகிப்தில் பாப்பிரஸ் தாள்களாகவே கிடைத்திருக்கின்றன. கார்த்தேஜில் கிறிஸ்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பலியிட்டார்கள், சிலர் பணம் கொடுத்துச் சான்றிதழ் மட்டும் வாங்கினார்கள். ஆபத்து ஓய்ந்ததும் அழுதுகொண்டு திரும்பி வந்தார்கள். ரோமில் நொவாத்தியன், இவர்களைச் சேர்க்கவே கூடாது என்றான். கார்த்தேஜ் பேராயர் சிப்பிரியான் தலைமையில் 251-ல் கூடியவர்களோ, அவரவர் நிலையைப் பார்த்து, மனந்திரும்புதலின் காலத்துக்குப் பின் சேர்க்கலாம் என்று தீர்மானித்தார்கள். கிறிஸ்துவை வெளிப்படையாக மறுதலித்தவர்களுக்கே வழி இருந்தது.

ஒரு தடவை இரட்சிக்கப்பட்டா அதை இழக்கவே முடியாதுன்னு சிலர் சொல்றாங்க. முடியும்னு சிலர். எது சரி?

தேவபக்தியுள்ளவர்கள் இரண்டு பக்கமும் இருக்கிறார்கள். தேவன் தெரிந்துகொண்டவர்களை முடிவுபரியந்தம் காப்பார் என்று 1618-19-ல் நெதர்லாந்தில் கூடிய தோர்ட் சபை மாநாடு அறிக்கையிட்டது. உண்மையான விசுவாசியும் விழுந்துபோகக்கூடும் என்று மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி போதித்தார். ஒரு பக்கம் யோவான் 10:28-ஐயும் மறு பக்கம் மேலே பார்த்த எபிரெயர் 6-ஐயும் எடுத்துக்காட்டும்.

என் மனம் முதல் பக்கம் சாய்கிறது, காரணம் பேதுரு. கோதுமையைப்போல் புடைக்கப்படப் போகிறாய் என்று சொன்ன அதே மூச்சில் இயேசு "உன் விசுவாசம் ஒழிந்துபோகாதபடிக்கு உனக்காக வேண்டிக்கொண்டேன்" என்றார் (லூக்கா 22:32). பேதுருவின் உறுதி அன்றிரவே போனது, அந்த வேண்டுதல் போகவில்லை. ஆனால் எந்தப் பக்கம் நின்றாலும், "இழக்க முடியாதே, இஷ்டப்படி இருக்கலாம்" என்று சொல்ல இரண்டு பக்கத்திலும் இடம் இல்லை.

பிள்ளை சபைக்கே வர மாட்டேங்கறான். தினமும் வாக்குவாதம். எங்க வளர்ப்பு தப்பா?

வளர்ப்பில் குறை இல்லாத பெற்றோர் இல்லை. அதனால்தான் அவன் போனான் என்று முடிவுகட்டவும் உங்களால் முடியாது. மோனிக்கா தன் மகன் அகுஸ்தீனோடு வாதாடும்படி ஒரு பேராயரைக் கெஞ்சினாள். அவர் மறுத்துவிட்டார். அவனை அப்படியே விட்டுவிடு, அவனுக்காக ஜெபம் மட்டும் பண்ணு என்றார். பல வருஷம் கழித்து 387-ல் மிலானில் அகுஸ்தீன் ஞானஸ்நானம் பெற்றார். அதே வருஷம் மோனிக்கா இறந்தாள். எல்லாத் தாய்மாருக்கும் அப்படி நடக்கும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. வாக்குவாதத்தை நிறுத்தலாம், வீட்டுக் கதவையும் சாப்பாட்டு மேசையையும் திறந்தே வைக்கலாம்.

திரும்ப வரணும்னு ஆசைதான். ஆனா உள்ளே நுழைஞ்சதுமே "இத்தனை நாள் எங்க போனீங்க"ன்னு கேப்பாங்களே?

கேட்பார்கள். பலர் அன்பாகத்தான் கேட்பார்கள், அது குத்தும். விளக்கம் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. "வர முடியாம இருந்தது, இப்ப வந்துட்டேன்" என்பது போதும். நீங்கள் நம்பும் ஒருவருக்கு முந்தின நாளே சொல்லிவைத்து, அவர் பக்கத்தில் உட்காருங்கள். ஆராதனை தொடங்கும் நேரத்துக்குச் சரியாகப் போங்கள். முதல் வாரம் முடிந்ததும் நின்று பேச முடியாவிட்டால் கிளம்பி வந்துவிடலாம், அடுத்த வாரம் கொஞ்சம் கூடுதலாக நில்லுங்கள்.

சபையில் ஏற்கெனவே இருப்பவர்களே, அவர் வரும்போது அந்தக் கேள்வியை மட்டும் விட்டுவிடுங்கள். நகர்ந்து இடம் கொடுத்து, பாட்டுப் புத்தகத்தில் பக்கத்தை எடுத்துக் கொடுங்கள்.